முதலில் குளம் வான் பாய்வதை எழுதச் சொல்லுங்கள்

முல்லைத்தீவு மாவட்டத்தில் சிறிய பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரையோ பாடசாலையையோ பிள்ளைகளையோ அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய ஊர் யாழ்ப்பாணம். நியமனம் கிடைத்து இது இரண்டாவது ஆண்டு. திங்கட்கிழமை விடியுமுன் பஸ் ஏறி வந்து, வாடகை அறையில் தங்கி, வெள்ளி பின்னேரம் வீடு திரும்புகிறார். தரம் 8 இல் 26 பிள்ளைகள். சிறுகதை எழுதச் சொன்னபோது 17 பேர் ஒரே கதையை எழுதினார்கள்: ஏழைச் சிறுவன் விளக்கு வெளிச்சத்தில் படித்து வைத்தியராகிறான், தாய் ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறாள். மிச்சப் பேரில் பலருடைய கதை ‘திடுக்கிட்டு விழித்தேன், எல்லாம் கனவு’ என்று முடிந்தது. ‘மழை எவ்வாறு உண்டாகிறது’ என்று விளக்கக் கட்டுரை கேட்டால் விஞ்ஞானப் பாடநூலின் பத்தி எழுத்துப் பிசகாமல் வந்தது. இரண்டு பேர் கைத்தொலைபேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதிவந்தார்கள்.

ஒரு மாணவி மட்டும் வேறு மாதிரி எழுதியிருக்கிறாள். வெளிநாட்டில் வீட்டுவேலை செய்யும் தாயின் தொலைபேசி அழைப்புக்காக, சிக்னல் கிடைக்கும் குளக்கட்டில் போய் நிற்கும் ஒரு பிள்ளையின் கதை. ஆசிரியை மகிழ்ந்துபோய் அதை வகுப்பில் உரத்து வாசித்தார். மாணவி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அடுத்த இரண்டு நாட்கள் பாடசாலைக்கு வரவில்லை. ‘இந்தப் பிள்ளைகளை இதையெல்லாம் எழுத விடக்கூடாது’ என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். ‘எழுதினால்தான் மனப்பாரம் குறையும்’ என்கிறார் இன்னொருவர். அதிபரோ, ‘பத்துக் கட்டுரையைப் பாடமாக்கக் கொடுங்கள், புள்ளி வரும்’ என்கிறார். ஆசிரியைக்கு அந்தக் கதையைத் தமிழ்மொழித் தினப் போட்டிக்கு அனுப்பவும் விருப்பம். கடைசியில் இப்படிக் கேட்கிறார்: ‘போரையும் இடப்பெயர்வையும் கண்ட மண்ணின் பிள்ளைகள். கதை தானாக வரவேண்டாமா? இவர்களுக்குக் கற்பனையே இல்லையா?’

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் அந்த 17 பேருக்காகக் கொஞ்சம் வாதாட விடுங்கள். வைத்தியர் கதையை எழுதிய பிள்ளை சோம்பேறி அல்ல. சின்ன வகுப்புகளிலிருந்து அந்தக் கதைக்குத்தான் ‘மிக நன்று’ விழுந்திருக்கிறது. பெரியவர்கள் எதைக் கேட்க விரும்புகிறார்கள் என்பதைப் பிள்ளை சரியாகவே கணித்து வைத்திருக்கிறது. நீங்களோ தலைப்பும் தராமல், எல்லையும் வகுக்காமல், 40 நிமிடப் பாடவேளைக்குள் ஒரு சிறுகதை கேட்டிருக்கிறீர்கள். வெறுந்தாளைக் கண்டு மிரளும் எவரும் ஏற்கெனவே பாராட்டு வாங்கித் தந்த ஒன்றைத்தான் எடுத்து நீட்டுவார். பெயர்பெற்ற எழுத்தாளர்களும் இதற்கு விலக்கல்லர்.

அடுத்தது, போர் கண்ட பிள்ளைகள் என்ற எண்ணம். இன்று தரம் 8 இல் இருக்கும் பிள்ளைகள் போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பின்னர் பிறந்தவர்கள். போரை அவர்கள் பார்த்ததில்லை. அதைப் பற்றி வீட்டில் பேசப்படுவதையும், பேச்சு பாதியில் நின்றுபோவதையும் பார்த்திருக்கிறார்கள். அது சிறிய விடயமல்ல. ஆனால் அவர்களுடைய அன்றாடக் கவலைகள் வேறு: நுண்கடன் தவணைக்காக வந்து படலையில் நிற்கும் ஆள், இரவில் தோட்டத்துக்குள் இறங்கும் யானை, வராமற்போன பஸ், தூரத்தில் இருக்கும் தாய். வன்னி என்றவுடன் பெருந்துயரக் கதையை எதிர்பார்த்து வருபவர்கள் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் போதியளவு வருகிறார்கள். வகுப்பாசிரியையும் அந்த வரிசையில் நிற்கத் தேவையில்லை.

ஆகவே கற்பனை இல்லை என்ற முடிவை ஒத்திவையுங்கள். என் ஆலோசனை உங்களுக்குத் தலைகீழாகத் தோன்றலாம். இந்தத் தவணையில் சிறுகதையை விட்டுவிட்டு விளக்கக் கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். கதை அதற்குப் பின்னால் வரட்டும்.

உங்களுக்குத் தெரியாததைக் கேளுங்கள்

‘மழை எவ்வாறு உண்டாகிறது’ என்ற தலைப்பில் ஒரு கோளாறு இருக்கிறது. விடை பாடநூலில் அச்சாகியிருக்கிறது. வாசிக்கப்போகும் உங்களுக்கும் அது தெரியும். தெரிந்த ஒருவருக்குத் தெரிந்ததை விளக்க வேண்டிய அவசியம் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? பார்த்து எழுதுவதுதான் அங்கே புத்திசாலித்தனம்.

ஆனால் நீங்கள் யாழ்ப்பாணத்தில் கிணற்று நீரை நம்பி வளர்ந்தவர். குளத்துநீர்ப் பாசனம் உங்களுக்குப் புதிது. உங்கள் வகுப்பில் பாதிப் பேருக்காவது துருசு (குளத்து நீரைத் திறந்துவிடும் மதகு) எது, வான் (நிறைந்த குளத்தின் மேலதிக நீர் வழியும் இடம்) எது, எப்போது சிறுபோகத்துக்குத் தண்ணீர் விடுவார்கள் என்பது தண்ணீர்பட்ட பாடு. இதைவிட நல்ல வாய்ப்பு ஒரு மொழி ஆசிரியைக்குக் கிடைக்காது. வகுப்பில் போய், ‘குளம் வான் பாய்கிறது என்கிறீர்களே, வான் எதற்காகக் கட்டியிருக்கிறார்கள்? எனக்கு விளங்கவில்லை’ என்று சொல்லுங்கள். நடிக்கவும் தேவையில்லை.

முதல் தடவை இப்படித்தான் எழுதி வருவார்கள்: ‘மழை பெய்தது. பிறகு குளம் நிறைந்தது. பிறகு வான் பாய்ந்தது. பிறகு எல்லோரும் பார்க்கப் போனோம்.’ இதற்குச் சிவப்புப் பேனை வேண்டாம். கரும்பலகையில் எழுதி, ‘பிறகு’ வரும் இடங்களின் கீழே கோடு போடுங்கள். அந்த இடத்தில் ‘அதனால்’ என்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மழை பெய்தது, அதனால் குளம் நிறைந்தது: சரி. குளம் நிறைந்தது, அதனால் வான் பாய்ந்தது: இங்கே ஒரு பிள்ளை தடுமாறும். நிறைந்தால் ஏன் கட்டுக்கு மேலால் போகவில்லை? ஏன் அந்த ஓர் இடத்தால் மட்டும் போகிறது? விடுபட்ட கண்ணி அதுதான். பின்வாங்கில் இருந்து ஒரு கமக்காரன் மகன் எழும்பி, ‘வான் கட்டைவிடப் பதிவு’ என்பான், அதாவது தாழ்வு. ‘பதிவாக ஏன் கட்டினார்கள்?’ என்று விடாமல் கேளுங்கள். தெரியாவிட்டால் வீட்டில் அப்பப்பாவிடம் கேட்டு வரட்டும். மறுநாள் எல்லோரும் சொல்லச் சொல்ல நீங்கள் கரும்பலகையில் எழுதுங்கள். ஏறக்குறைய இப்படி வரும்:

‘குளக்கட்டு மண்ணால் ஆனது. நீர் கட்டுக்கு மேலால் வழிந்தால் வெளிப்புறச் சரிவின் மண்ணை அரித்துக்கொண்டு போகும். அரிப்புக் கூடினால் கட்டு உடைந்துவிடும். இதைத் தடுப்பதற்காகக் கட்டின் உச்சியைவிடப் பதிவான மட்டத்தில், நீரால் அரிக்க முடியாதபடி கல்லாலோ கொங்கிறீற்றாலோ வான் அமைக்கப்படுகிறது. நீர்மட்டம் வானை மீறியதும் மேலதிக நீர் அதன் வழியே வெளியேறுவதால் கட்டு காப்பாற்றப்படுகிறது.’

இந்தப் பத்தியில் ‘நான்’ இல்லை, நேற்று இல்லை, ‘பிறகு’ ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் அடுத்த வாக்கியத்தின் ‘ஏன்?’ என்ற கேள்விக்கு விடை சொல்கிறது. விளக்கக் கட்டுரையின் இலக்கணத்தைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன் பிள்ளைகளே அதைக் கையால் தொட்டுவிட்டார்கள். இப்போது பெயர்களைச் சொல்லலாம்: முதலில் விளக்கப்படும் பொருள், பின்னர் காரண காரியத் தொடர், தேவையானால் முடிவில் ஒரு பயன்.

எல்லோரும் சேர்ந்து ஒன்றை எழுதுவது ஏமாற்று வேலை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். 1980களில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஜே. ஆர். மார்ட்டின், ஜோன் ரொதெரி போன்ற மொழியியலாளர்கள் பின்தங்கிய பகுதிப் பாடசாலை ஆசிரியர்களோடு சேர்ந்து வகுத்த முறையே இதுதான். நல்ல மாதிரி ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது, ஆசிரியரோடு கூடி எழுதுவது, அதன் பின்னரே தனியாக எழுதுவது. வீட்டில் புத்தகம் இருக்கும் பிள்ளை இந்த அமைப்பைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். இல்லாத பிள்ளைக்கு யாராவது வெளிப்படையாகக் காட்டித்தான் ஆகவேண்டும் என்பது அவர்களுடைய வாதம். நம் வகுப்புகளில் நடுப்படி காணாமற்போய்விட்டது. மாதிரியைக் கொடுக்கிறோம், உடனே ‘எழுது’ என்கிறோம். நடுவில் எதுவும் இல்லாதபோது பிள்ளை மாதிரியையே பாடமாக்குகிறது.

அடுத்த தலைப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனையிறவில் உப்பு ஏன் வெயில் காலத்தில் மட்டும் விளைகிறது? கருவாடு ஏன் பழுதாவதில்லை? மின்வேலியில் முட்டும் யானை ஏன் சாவதில்லை? தேன் எடுப்பவர் ஏன் புகை போடுகிறார்? ஒன்றை மட்டும் கவனியுங்கள். ‘கருவாடு போடுவது எப்படி’ என்றால் அது செய்முறை: மீனை வெட்டு, உப்புப் போடு, காயவை. ‘ஏன் பழுதாவதில்லை’ என்றால்தான் உப்பு மீனிலுள்ள நீரை வெளியே இழுப்பதும், நீர் குறைந்த இடத்தில் நுண்ணுயிர் பெருக முடியாமற்போவதும் வரும். பிள்ளைகள் இரண்டையும் குழப்புவார்கள். ஆசிரியர்களும் குழப்புகிறோம். விஞ்ஞான ஆசிரியரிடம் ஒரு தடவை காட்டிச் சரிபார்த்துக்கொள்வதில் உங்கள் மதிப்பு குறைந்துவிடாது.

அதே குளம், ஒரே ஒரு இரவு

இப்போது கதைக்கு வரலாம். தலைப்பை மாற்ற வேண்டாம். வான் பாய்கிறது. வீதியை வெள்ளம் அறுத்துவிட்டது. அக்கரையில் பட்டியடியில் ஒரு கன்று கட்டியபடி நிற்கிறது. அதை அவிழ்த்துவிடச் சொன்ன வேலையை மறந்துபோன பையன் இக்கரையில் நிற்கிறான். இவ்வளவையும் நீங்களே கொடுங்கள். ஓர் ஆள், ஓர் இடம், ஓர் இரவு, 150 சொற்கள். ‘சுதந்திரமாக எழுதுங்கள்’ என்பதைவிட இந்த வேலி பிள்ளைக்கு அதிக உதவி செய்யும்.

மூன்று கேள்விகளுக்கு மனத்தில் விடை இருந்தால் போதும். அவனுக்கு என்ன வேண்டும்? எது குறுக்கே நிற்கிறது? கடைசி வரியில் எது மாறியிருக்கிறது? மாற்றம் பெரிதாக இருக்கவேண்டும் என்பதில்லை. தகப்பன் திட்டாமல் விட்டது போதும். மூன்று தடைகளும் போடுங்கள்: கனவாக முடியக்கூடாது, வைத்தியராகக்கூடாது, இறுதியில் நீதி சொல்லக்கூடாது. முதல் வாரம் முணுமுணுப்பார்கள். போடுங்கள்.

‘அவன் மிகவும் கவலையடைந்தான்’ என்ற வாக்கியம் எல்லாக் கொப்பியிலும் இருக்கும். அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள்: ‘அப்போது அவனுடைய கை என்ன செய்துகொண்டிருந்தது?’ ‘ஈரமில்லாத கையைச் சாரத்தில் திரும்பத் திரும்பத் துடைத்தான்’ என்று ஒரு பிள்ளை எழுதினால் அன்றைய பாடவேளை வீண்போகவில்லை. இந்த ஒரு கேள்வி நான் அறிந்த வேறெந்தக் கதைப் பயிற்சியையும்விட வேகமாக வேலை செய்கிறது. காரணம், பிள்ளைகள் கவனித்துத்தான் இருக்கிறார்கள். அது எழுத்தில் வரலாம் என்று யாரும் சொன்னதில்லை.

பிறகு இரண்டு எழுத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டின் உயரமும் மண் அரிப்பும் விளக்கத்தில் அவசியம். கதைக்குள் அவை நுழைந்தால் கன்று அக்கரையிலேயே மறந்துபோகும். விளக்கத்தில் எதையும் ஒளிக்கக்கூடாது. கதையில் எதை எப்போது சொல்வது என்பது எழுதுபவரின் உரிமை. இந்த வேறுபாட்டைத் தரம் 8 பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துச் சொல்வார்கள். நீங்கள் சொல்லிவிட வேண்டாம்.

உரையாடலில் ஊர்ப்பேச்சு வரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வரலாம். கதைசொல்லியின் குரல் எழுத்துத் தமிழில் இருக்கட்டும். மேற்கோள் குறிக்குள் பேசுபவர் தன் வீட்டில் பேசுவதுபோலப் பேசட்டும். அந்த ஒழுங்கு தெரிந்தே எழுதியிருக்கிறார்கள் என்று பார்வையிட வருபவருக்குக் காட்டவும் அது வசதி.

அந்த மாணவியின் கதை

கடிதத்தில் இந்தப் பகுதியைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். உங்கள் நோக்கம் நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் வகுப்பில் அந்தக் கதையை வாசிக்குமுன் அவளிடம் கேட்டிருக்க வேண்டும். பிள்ளை உங்களுக்கு எழுதியதை 25 பேருக்கு எழுதியதாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அவளைத் தனியே கூப்பிட்டு, நாலு பேர் பார்க்க அல்லாமல், ஆனால் கதவு திறந்திருக்கும் இடத்தில், ‘கேட்காமல் வாசித்தது என் பிழை’ என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். கதை உண்மையா, அம்மா எங்கே என்று விசாரிக்க வேண்டாம். அவளாகச் சொன்னால் கேளுங்கள். சிக்னலுக்காகக் கட்டில் நிற்கும் பிள்ளை அவளாகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். கதையில் ‘நான்’ என்று வந்தால் எழுதியவரேதான் என்று நினைப்பது வாசகர்கள் எல்லோரும் விடும் தவறு.

போட்டிக்கு அனுப்புவதற்கு அவளுடைய சம்மதமும் பாதுகாவலரின் சம்மதமும் வேண்டும். அவளுடைய சம்மதம்தான் முதலில். இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயம், தனக்குரிய விடயத்தில் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைக்குத் தருகிறது. அந்தரங்கத்துக்கான உரிமையையும் தருகிறது. ‘ஆசிரியை கேட்டதால் ஓம் என்றேன்’ என்பது சம்மதமாகாது. ஆகவே மறுப்பதற்கு வசதியாகக் கேளுங்கள்: ‘இதை அனுப்பலாம், வேறொன்று எழுதி அனுப்பலாம், ஒன்றும் அனுப்பாமலும் விடலாம். வெள்ளிக்கிழமை சொன்னால் போதும்.’ சுவர்ச் சஞ்சிகைக்கும் இதே விதிதான். சின்ன ஊரில் பெயரை நீக்கினாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சக ஆசிரியர்கள் இருவரில் யார் சொல்வது சரி? இருவருமே பாதி. எழுதவே விடாதே என்பது, இங்கே உன் வாழ்க்கைக்கு இடமில்லை என்று சொல்வது போலாகும். எழுதினால் ஆறும் என்பதற்கும் எல்லை உண்டு. அதற்கு ஆதாரமாகப் பலரும் காட்டுவது அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986 இல் வெளியிட்ட ஆய்வு. அதில் எழுதியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். நாலு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், தாங்கள் தெரிந்தெடுத்த ஒன்றைப் பற்றித் தனிமையில் எழுதினார்கள். அதற்குப் புள்ளி போடவோ வகுப்பில் வாசிக்கவோ யாரும் இல்லை. எழுதி முடித்த கையோடு அவர்களின் மனநிலை முன்பைவிட மோசமாக இருந்ததும் அதே ஆய்வில் பதிவாகியிருக்கிறது. 13 வயதுப் பிள்ளையின் தமிழ்க் கொப்பி வேறு விடயம். ‘உன் வாழ்வில் மறக்கமுடியாத சோகம்’ போன்ற தலைப்பை ஒருபோதும் கொடுக்காதீர்கள். பிள்ளை தானாக எழுதிவந்தால் மரியாதையோடு வாசியுங்கள். வேறெந்தக் கதைக்கும் போடுவது போல ஒரு எழுத்துக் குறிப்புப் போடுங்கள்: ‘கட்டில் நிற்கும் காட்சி கண்முன் வருகிறது. காற்றின் சத்தத்தையும் சேர்க்கலாமா?’ அவளை இரக்கத்துக்குரியவளாக அல்லாமல் எழுதுகிறவளாக நடத்துவதற்கு இதுவே நேரான வழி.

ஒரு விதிவிலக்கு. பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்வதாகவோ, தனக்குத்தானே தீங்கு செய்ய நினைப்பதாகவோ எழுத்திலோ பேச்சிலோ தெரிந்தால் ‘யாருக்கும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துருவிக் கேட்கவும் வேண்டாம். சொன்னதைச் சொன்னபடி குறித்துவைத்து அதிபருக்கும், வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியருக்கும் அன்றைக்கே அறிவியுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் உளவளத்துணையாளரும் இருப்பார்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். கடிதத்தில் நீங்கள் எழுதியதிலிருந்து அப்படி எதுவும் தெரியவில்லை. தாயைத் தேடுவது தீங்கின் அறிகுறி அல்ல.

புள்ளியும் கைத்தொலைபேசியும்

செயலியில் எழுதி வந்தவர்களைத் தண்டிக்க வேண்டாம். முதல் வரைவை வகுப்பிலேயே பென்சிலால் எழுதச் செய்தால் விடயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். உங்கள் ஊர்க் குளத்தின் துருசை எப்போது, யார் திறப்பார் என்று அந்தச் செயலியைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளே பிழை பிடித்துச் சிரிப்பார்கள். அந்தப் பிழைகளைத் திருத்தி எழுதுவதும் ஒரு நல்ல விளக்கக் கட்டுரைதான்.

26 கொப்பிகளையும் வரிவரியாகத் திருத்தி உங்களை வருத்திக்கொள்ளவும் வேண்டாம். ஒரு தடவைக்கு ஒரே ஒரு விடயம்: இந்தக் கிழமை காரண இணைப்பு, அடுத்த கிழமை முடிவு வரி. ரகர றகரப் பிழைகளுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். கதை நன்றாக வந்த நாளில் அதை எடுக்காதீர்கள்.

அதிபரை எதிரியாக நினைக்காதீர்கள். பெறுபேறு குறைந்தால் கூட்டத்தில் பதில் சொல்லவேண்டியவர் அவர். பாடமாக்கிய கட்டுரைக்கும் அவர் சொல்வதுபோல ஓரளவு புள்ளி வரும். தலைப்பு சற்று மாறினால் அந்தப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு இருக்கும் என்பதும் பரீட்சை மண்டபத்தில் நின்ற எல்லோருக்கும் தெரிந்ததுதான். இதை வாதமாகச் சொல்லாமல் காட்டுங்கள். நடுத்தரமான ஒரு மாணவனுடைய மழைக் கட்டுரையையும், அவனே தனியாக எழுதிய மின்வேலி விளக்கத்தையும் எடுத்துப்போய் அவர் மேசையில் வையுங்கள். கெட்டிக்காரப் பிள்ளையின் கொப்பியைக் கொண்டுபோனால் ‘அது எப்படியும் எழுதும்’ என்று தள்ளிவிடுவார். கிழமையில் ஒரே ஒரு பாடவேளையை இரண்டு தவணைக்குக் கேளுங்கள். மற்றப் பாடவேளைகளில் அவர் சொல்லும் மாதிரிக் கட்டுரைகளை நடத்துவதாக ஒத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு கேட்டால் மறுக்கும் அதிபர்கள் குறைவு. மறுத்தாலும் நூலகப் பாடவேளை என்று ஒன்று நேரசூசியில் இருக்கும். பல பாடசாலைகளில் அதை யாரும் பயன்படுத்துவதில்லை.